தட்டின் மறுபக்கம்

ஆவடியில் வசிக்கும் எங்கள் தோழியின் தந்தைக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. வீட்டைக் காலி செய்ய உதவப் போன நாங்கள், பரணில் அவள் தாத்தாவின் ஒலிநாடாக்கள் இரண்டைக் கண்டெடுத்தோம். பீட்டில்ஸ் குழுவினரின் 'பாஸ்ட் மாஸ்டர்ஸ்'! நல்லவேளை, பழைய டேப்ரிக்கார்டரும் ஓடியது.

பெரிய இசைத்தட்டுகளில் சேராமல் தனித்தட்டுகளில் சிதறிக் கிடந்த பாடல்களை 1988இல் திரட்டி வெளியிட்ட தொகுப்பு அது. ஜெர்மன் மொழியில் பாடியவைகூட இரண்டு உண்டு. எங்கள் மனத்தை அள்ளியதோ 'தி இன்னர் லைட்'. 1968 ஜனவரியில் ஜார்ஜ் ஹாரிசன் பம்பாயில் நம் நாட்டுக் கலைஞர்களைக் கொண்டு சரோடு, ஷெனாய், புல்லாங்குழல் இசையைப் பதிவு செய்து, பின்னர் லண்டனில் பாடிச் சேர்த்த பாடல். இத்தனைக்கும் பிறகு அதற்குக் கிடைத்தது 'லேடி மடோனா' தட்டின் மறுபக்கம்தான்!

கேட்டதும் எங்கள் தோழி சிரித்தாள். ஒரு விழாவில் நேரமில்லை என்று விடுபட்டது அவளுடைய தனிப்பாடல். இரண்டு மாதம் பயின்றது. அன்று அவள் அழவில்லை, நாங்கள்தான் அழுதோம்.

சாமான்கள் இறங்கிய வெற்றறையில் அவளை அதே பாடலைப் பாடச் செய்து, கைப்பேசியில் பதிந்துகொண்டோம். எங்கள் பின்பாட்டில் சுருதி சற்று விலகியிருக்கும். நடுவே வாசலில் நின்ற லாரியின் ஹார்ன் வேறு! அவள் சிரித்துவிட்டுத் தொடர்கிறாள். அதை நாங்கள் வெட்டவில்லை.