பொம்மிடியில் ஒரு யானைப் பாடம்

பொம்மிடி ஸ்டேஷனில் இறங்கியிருக்கிறீர்களா? பெரும்பாலும் இருக்காது. மொரப்பூருக்கும் சேலத்துக்கும் நடுவே இருக்கிற ஊர். பெரிய எக்ஸ்பிரஸ்கள் பல, 'நீ யாரோ, நான் யாரோ' என்று ஊதிக்கொண்டே போய்விடும். நண்பன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு, ஊர் திரும்ப அங்கே காத்திருந்தேன். வண்டி லேட். எவ்வளவு என்று கேட்காதீர்கள். பிளாட்பாரத்து நாய் இரண்டு தூக்கம் போட்டு எழுந்துவிட்டது.

ஊர் இருக்கிற இடமே ஒரு முரண்பாடு. தெற்கே சேர்வராயன் மலை. மேலே, சுமார் 5,000 அடி உயரத்தில், ஏற்காட்டில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு காபி குடிக்கிறார்கள். அதே மலையின் அடிவாரத்தில் நான் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து இடம் கொடுத்தார். தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வேர்க்கடலைப் பொட்டலத்தில் பாதியை என் கையில் கொட்டினார். 'தங்கமான மனுஷர்' என்று மனசுக்குள் நான் சர்டிபிகேட் எழுதி முடிப்பதற்குள் அவர் செல்போன் அடித்தது. வீட்டம்மா போலிருக்கிறது. "அறிவிருக்கா உனக்கு? எத்தனை வாட்டி சொல்றது? வை போனை!" என்று ஸ்டேஷனே திரும்பிப் பார்க்கக் கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னும் கொஞ்சம் கடலை எடுத்துக்குங்க சார்" என்றார், அதே பழைய குரலில்!

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அடங்கியும்விட்டது.

முதல் நாள் கிளம்பும்போது அப்பா, "டிக்கெட் எடுத்துட்டியா?" என்று மூன்றாவது தடவை கேட்டார். "நான் என்ன குழந்தையா? கொஞ்சம் சும்மா இருங்களேன்!" என்று கத்தினேன். அதே நான்தான், ஆட்டோக்காரர் இருபது ரூபாய் கூடக் கேட்டபோது, "பரவாயில்லைங்க அண்ணே" என்று குழைந்தேன். பி.காம். படித்தவனுக்கு இந்தக் கணக்கு புரியாதா? ஊருக்கு வரவு வைக்கிற சிரிப்பையெல்லாம் வீட்டின் பெயரில் பற்று எழுதிவிடுகிறோம்.

இன்றைய தர்மபுரிதான் அன்றைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவன் வெறும் கதை நாயகன் இல்லை. திருக்கோவலூர் பக்கம் ஜம்பையில் 1981-ல் கண்டுபிடித்த கல்வெட்டில் அவன் பெயர் இருக்கிறது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தது எல்லாருக்கும் தெரியும். அந்த ஔவை, புறநானூற்றில் அவனை யானையாகப் பார்த்திருக்கிறார். சிறுவர்கள் தந்தத்தைக் கழுவ, நீர்த்துறையில் சாதுவாகக் கிடக்கிற யானை போல அவன் தன்னைச் சேர்ந்தவர்களுக்கு இனியவன். பகைவர்களுக்கோ, மதம் பிடித்த யானை.

இரண்டும் ஒரே யானைதான். இதில் வேஷம் எதுவும் இல்லை. மனுஷனுக்குள் இரண்டு குணம் இருப்பது தப்பே இல்லை. எதை யாரிடம் காட்டுகிறோம் என்பதில்தான் விஷயம். அதியமான் தன் ஜனங்களிடம் சாது, பகைவரிடம் மதயானை. நாம் நேர் எதிர். ஊருக்குச் சாது, வீட்டுக்கு மதயானை!

ஏன் என்று யோசித்தேன். ஆட்டோக்காரர் திருப்பித் திட்டுவார். அப்பா திட்டமாட்டார். எவ்வளவு கத்தினாலும் நம்மை விட்டுப் போகமாட்டார் என்ற நம்பிக்கை இருக்கிறதே, அந்த நம்பிக்கையைத்தான் கோபமாகச் செலவழிக்கிறோம்.

சிக்னல் விழுந்தது. அவசரமாக வீட்டுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, நேத்து நான்..." என்று ஆரம்பித்தேன். மேற்கொண்டு வார்த்தை வரவில்லை.

"அது கிடக்கட்டும். டிக்கெட் எடுத்துட்டியா?" என்றார்.

"எடுத்துட்டேம்ப்பா."

ஒரு தடவை ஆயிற்று. இன்னும் இரண்டு பாக்கி. கேட்கட்டுமே!