எருக்கஞ்செடி சொல்லிக் கொடுத்த பாடம்



போன மாசம் உழவாரப் பணியில நாங்க செஞ்ச ஒரு தப்பை இங்க சொல்லியாகணும்.

கோயில் பின்பக்கம் பிள்ளையாருக்குன்னு வளர்க்கிற எருக்கஞ்செடியில இலையெல்லாம் ஓட்டை ஓட்டையா இருந்துச்சு. கிட்டப் போய்ப் பார்த்தா புழு. கறுப்பும் வெள்ளையுமா வரி, நடுவுல மஞ்சள் புள்ளி. சாமி செடியில பூச்சியான்னு நாங்க நாலு பேரும் பொறுக்கி நசுக்கிப் போட்டுட்டோம்.

தேவார வகுப்புக்கு வந்த ஒரு பிள்ளை, தொடக்கநிலை 3 படிக்குது. ஓடி வந்து பார்த்துட்டு அழுதுருச்சு. “அங்கிள், அது பிளெயின் டைகர் பட்டாம்பூச்சி! எங்க ஸ்கூல் தோட்டத்துல டீச்சர் காட்டினாங்க. முட்டை, புழு, கூட்டுப்புழு, அப்புறம்தான் பட்டாம்பூச்சி.”

எங்களுக்குப் பேச்சே வரலை. ஃபேக்டரியில “பார்க்காம எதையும் தூக்கி எறியாதே”ன்னு பசங்களைத் திட்டுற நாங்க, இங்க ஒரு நிமிஷம் நின்னு பார்க்கலை.

நல்லவேளை, இலைக்கு அடியில ரெண்டு மிஞ்சியிருந்துச்சு. ஒண்ணு காணாமப் போச்சு. இன்னொண்ணு இலையில தலைகீழாத் தொங்கி, வெளிர்பச்சைக் கூடா மாறுச்சு. ஒரு வாரம் போல கழிச்சு ஒருநாள் காலையில ஆரஞ்சு நிறத்துல, ஓரமெல்லாம் கறுப்பா பட்டாம்பூச்சி வெளிய வந்துச்சு. சிறகு காயுற வரைக்கும் அப்படியே தொங்கிக்கிட்டிருந்துச்சு. வீடியோ எடுத்து அந்தப் பிள்ளைக்கு அனுப்பினோம். “மத்ததெல்லாம்?”னு பதில் வந்துச்சு. இன்னும் மனசைக் குத்துது.

எருக்கம்பால் விஷம். ஆனா இந்தப் புழுவுக்கு அதுதான் சாப்பாடு. அந்த விஷம் உடம்புல தங்குறதால பறவைங்க ஒதுங்கிப் போயிடும். இத்தனை வருஷம் எருக்கம்பூ மாலை கட்டியும் இது எங்களுக்குத் தெரியாது.

இப்போ ஞாயிறு வகுப்பு முடிஞ்சதும் அரைமணி நேரம் பிள்ளைங்களோட செடியைப் பார்க்கிறோம். தொட்டாற்சிணுங்கியைத் தொட்டா ஏன் சுருங்குதுன்னு கேட்டாங்க. இலைக்காம்பு அடியில இருக்கிற தண்ணி அழுத்தம் குறையுறதாலதான். ஏர் பிரஷர் இறங்கினா மெஷின் கை தொங்குற மாதிரின்னு சொன்னோம், டக்குனு புரிஞ்சுக்கிட்டாங்க. சங்குப்பூ தண்ணியில எலுமிச்சை பிழிஞ்சு நீலம் ஊதாவாகுறதையும் பார்த்தாச்சு.

பெற்றோர் கவனத்துக்கு: பார்க்குல செடியைப் பறிக்க விடாதீங்க. எருக்கம்பால் கண்ணுல படக்கூடாது, தொட்டா கை கழுவணும்.

பிள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க. செடியில புழுவைப் பார்த்தா, முதல்ல அவங்ககிட்ட கேளுங்க.

எல்லாம் அவன் செயல் 🙏