விட்டுக்கொடுக்கும் பிணைப்பு

சென்ற மாதம் அற்பக் காரணம்பற்றி அறைத்தோழனோடு பிணங்கினேன். ஒன்பது நாள் பேசினோமில்லை. அந்நாட்களில், அறுந்தபின் தானே பொருந்தும் ரப்பரைப்பற்றிப் படித்தேன். 2008ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து லுத்விக் லைப்லர் குழுவினர் அத்தகையதொன்றை ஆக்கினர். அறுந்த முகங்களை நெடிது பிரித்துவைப்பின் அதன் பொருந்தும் ஆற்றல் குறையுமாம்.

எளிதிற் பொருந்துவது வலிவிற் குறைதலும், வலியது பொருந்தாமையும் இவ்வாராய்ச்சியின் இடர். 2018ஆம் ஆண்டில் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்து ஜெனான் பாவோ அம்மையார் குழுவினர், வலிய ஹைட்ரஜன் பிணைப்புகளையும் மெலியவற்றையும் ஒருங்கே அமைத்தனர். வலியவை உருவைக் காத்தன. மெலியவை இழுக்குங்கால் விட்டுக்கொடுத்து, விசையை ஏற்று, மீண்டும் கூடின. அப்பொருள் 10 மடங்கிற்கு மேல் நீண்டும் அறாதாயிற்று.

விட்டுக்கொடுத்தல் வலியிலார் செயலென்று எண்ணியிருந்த யான் நாணினேன். அன்றிரவு ஜெபம் முடிந்தபின் அவனைப் பெயர்சொல்லி அழைத்தேன். அவன் மறுமொழி கூறச் சிறிதுநேரம் சென்றது.