சுவரில் கை வைக்காத வேலை

செட்டிநாட்டு வீடுகளில் கேமரா மாட்டப் போகிறவர்கள் டிரில்லிங் மெஷினை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்குகிறார்கள். காரைக்குடியில் சிறிய கடை வைத்திருக்கும் ஒரு மூத்த தொழிலாளியோடும் அவருடைய உதவியாளரோடும் கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் சுற்றியபோது முதலில் என் கண்ணில் பட்ட பழக்கம் அது. “அதைத் தூக்கிக்கிட்டு உள்ள போனாலே ஆச்சி முகம் மாறிடும்ணே” என்றார் உதவியாளர்.

காரணம் சுவர். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு, தலைமுறைகள் கடந்தும் தொட்டால் வழுக்குகிறது. ஒரு துளை போட்டால் சுற்றிலும் சில்லுச் சில்லாகப் பெயரும். பெயர்ந்த இடத்தை அதே பளபளப்போடு மூடித் தரும் கொத்தனார் எளிதில் கிடைப்பதில்லை. தரையில் ஆத்தங்குடிக் கல். தூணிலும் நிலையிலும் பர்மா தேக்கு. வீடோ ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முகப்பு, வளவு எனும் நடு முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி, பின்வாசல் என்று நீளும் இந்த வீடுகள் கல்யாணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் திறக்கின்றன; மற்ற நாளெல்லாம் பூட்டு. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள்.

“வயர் இல்லாத கேமரா வந்துடுச்சே, அதை வாங்கி மாட்ட வேண்டியதுதானே?” வீட்டுக்காரர்கள் போனில் கேட்கும் முதல் கேள்வி இதுதானாம். மூத்தவரின் பதில் எப்போதும் ஒன்றே. “வைஃபை கேமராவுல படத்துக்குத்தான் வயர் இல்லை. கரண்டுக்கு வேணுமே.” வயர் இல்லாமலே வேலை முடிந்துவிடாது, அதை எங்கே நிறுத்துவது என்பதைத்தான் அவர் வீட்டுக்கு வீடு யோசிக்கிறார்.

நாங்கள் போன ஒரு வீட்டில் அவர் முதலில் செய்தது, திறந்து வைத்திருந்த கதவுகளையெல்லாம் சாத்தச் சொன்னதுதான். செட்டிநாட்டு வீட்டின் வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். முகப்பில் நின்றால் பின்வாசல் தெரியும். கதவெல்லாம் திறந்திருந்தபோது முகப்பில் வைத்த ரூட்டரின் சிக்னல் இரண்டாம் கட்டு வரை நன்றாக வந்தது. கனத்த தேக்குக் கதவுகளைச் சாத்தியதும் வளவு தாண்டியவுடன் செத்துப்போனது. “பூட்டின வீட்டுக்குத்தானே காவல்? பூட்டித்தான் பார்க்கணும்” என்றார். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை ஓரளவு ஊடுருவும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இப்படிப்பட்ட சுவரிடம் தோற்றுவிடும். அதனால் சுவரோடு மோதாமல் அதற்கு மேலே போகிறார். முகப்பு மாடியில் ஒரு வயர்லெஸ் பிரிட்ஜ், பின்கட்டுக் கூரையில் அதன் ஜோடி. நடுவில் மரமோ ஓட்டு முகடோ மறைக்காமல் ஒன்றையொன்று பார்த்தால் போதும். நெட்வொர்க் கேபிளை ஒரே இழுப்பில் 100 மீட்டர் வரை கொண்டுபோகலாம் என்பதால், தூரம் இங்கே பெரிய தடையில்லை. போகும் வழிதான் தடை.

அடுத்த சிக்கல் மெயின் சுவிட்ச். ஊருக்குக் கிளம்பும்போது மெயினை இறக்கிவிட்டுப் போவது இந்த வீடுகளில் பழக்கம். மரப்பட்டி மேல் கிளிப் அடித்த பழைய வயரிங்கை நம்பி யாரும் கரண்டை விட்டுப் போக மாட்டார்கள். அது சரியான பயம்தான். ஆனால் மெயின் இறங்கினால் கேமராவும் தூங்கிவிடும். அதனால் மீட்டர் பெட்டிக்கு அருகிலிருந்தே கேமராவுக்கென்று தனி லைனும் தனி எம்சிபி சுவிட்சும் எடுக்கிறார்கள். பழைய மரப்பட்டியின் ஓரத்தோடும் மழைத்தண்ணீர் இறங்கும் தகரக் குழாயின் பின்புறத்தோடும் அந்த வயர் போகிறது. கேமராவைத் தாங்க ஜன்னல் கம்பியிலும் இரும்புத் தூணிலும் ரப்பர் வைத்த கிளாம்பு. நாளைக்குக் கழற்றினால் தடயம் இருக்காது.

பின்வாசலில் அதுவும் முடியவில்லை. அங்கே சிம் போட்ட சோலார் கேமரா வைத்தார்கள். பலகையைத் தெற்கே சாய்த்தார்கள். இது இரவும் பகலும் ஓடும் கேமரா அல்ல. ஏன் என்று கேட்டதும் உதவியாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். விநாடிக்கு 2 மெகாபிட் என்று விடாமல் படம் அனுப்பினால் ஒரு நாளைக்கு 20 ஜிபிக்கு மேல் போகும். 128 ஜிபி கார்டு ஆறு நாளில் நிரம்பி, பழையது அழியத் தொடங்கும். எந்த சிம்மும் எந்த பேட்டரியும் அதற்குத் தாங்காது. ஆகவே உடல் வெப்பம் அசைவதை உணர்ந்தால் மட்டும் அது விழித்துப் படம் பிடிக்கிறது. அதன் பலவீனமும் அதுவே: விழிப்பதற்குள் ஓரிரு விநாடி தவறிப்போகலாம். வேகமாகக் கடப்பவரின் முதுகுதான் கிடைக்கும். அதனால் சுவர் ஏறுமிடத்தைப் பார்த்து வைக்காமல், ஏறிக் குதித்தவர் நடந்து வர வேண்டிய நீண்ட பாதையைப் பார்த்து வைத்தார்கள். புறாக்கள் அடையும் மூலையை உணரும் எல்லையிலிருந்து ஒதுக்கினார்கள். இல்லையென்றால் பகலெல்லாம் அவற்றைப் படம் பிடித்தே பேட்டரி காலியாகிவிடும்.

வளவில் தொழில்நுட்பம் தீர்க்க முடியாத ஒன்று வந்தது. அங்கே மூத்த பங்காளி ஒரு கேமரா கேட்டிருந்தார். வீட்டைப் பார்க்க வந்திருந்த ஆச்சி விடவில்லை. “விசேஷத்துக்கு வந்தா நாங்க இங்கதான் படுப்போம். அதையும் சிங்கப்பூர்ல உக்காந்து பாப்பாகளா?” வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொன்றும் ஒரு பங்காளியுடையது, முற்றம் எல்லோருக்கும் பொது. மூத்தவர் வாதாடவில்லை. அந்தக் கேமராவுக்கு மட்டும் கைக்கு எட்டும் இடத்தில் தனி சுவிட்ச் வைத்து, அணைந்திருந்தால் எல்லோருக்கும் தெரியும்படி பக்கத்திலேயே ஒரு சின்ன விளக்கும் கொடுத்தார். “செல்லுல ஆஃப் பண்ணிட்டேன்னு அவுக சொன்னா யார் நம்புவா? சுவிட்ச நம்பலாம்” என்று ஆச்சி சம்மதித்தார்.

இத்தனை யோசனைக்கும் பில்லில் இடமில்லை. இந்தத் தொழிலில் கேமரா பாயிண்டுக்கு இவ்வளவு, கேபிள் மீட்டருக்கு இவ்வளவு என்றுதான் கூலி. கேபிளைக் குறைத்தால் கூலியும் குறையும். புது வீட்டில் விறுவிறுவென்று துளைத்து இழுப்பவருக்கு வரும் காசு, ஒரு சுவரையும் காயப்படுத்தாமல் பொழுதெல்லாம் ஏணியில் நின்றவருக்கு வருவதில்லை. “அலைச்சல்னு ஒரு வரி போட்டா, அது என்னன்னு கேக்குறாக” என்று சிரித்தார் மூத்தவர்.

கிளம்பும் முன் அவர் வீட்டுக்காரருக்கு வாட்ஸாப்பில் ஒரு குறிப்பு அனுப்பினார்: எந்த எம்சிபியை இறக்கக் கூடாது, சிம் எண் எது, ரீசார்ஜ் எந்தத் தேதியில் முடிகிறது, அதைச் செய்ய வேண்டிய பங்காளி யார். கடைசிக் கேள்விக்கு உடனே பதில் வராது என்று அவருக்குத் தெரியும். அதனால் முதல் வருட ரீசார்ஜைத் தானே போட்டு, பில்லில் சேர்த்துவிட்டார். “பூட்டின வீட்டுல கேமரா கெட்டுப்போறது குறைவுண்ணே. ரீசார்ஜ் முடிஞ்சு நிக்கிறதுதான் அதிகம்.”