நான் பார்த்த இரண்டு படங்கள்

இந்த மாதச் சுவரிதழுக்கு ‘எனக்குப் பிடித்த படம்’ என்று எழுதச் சொன்னார்கள். நான் இரண்டு படங்களைப் பற்றி எழுதுகிறேன். ஒன்று ரொம்பப் பிடித்த படம். இன்னொன்றைப் பிடித்தது என்று சொல்ல வாய் வரவில்லை.

எனக்கு அறிவியல் படம் என்றால் உயிர். எங்க தாத்தா 1963-இல் வந்த எம்.ஜி.ஆரின் ‘கலை அரசி’ பற்றிச் சொல்வார். வேற்றுக் கிரகத்துக்காரர்கள் வந்து, பாட்டுப் பாடுகிற ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போவார்களாம். எனக்கு ‘எந்திரன்’. அது 2010-இல், நான் பிறப்பதற்கு முன்பே வந்த படம். ஆனாலும் டிவியில் ஏழெட்டு தடவை பார்த்துவிட்டேன். ராணுவத்துக்காக வசீகரன் சிட்டியைச் செய்வார். போரா சிவப்பு சிப்பை வைத்ததும் அது கெட்டதாகிவிடும். கடைசியில் ஏகப்பட்ட சிட்டிகள் பந்து மாதிரி, பாம்பு மாதிரி ஒன்றாகச் சேர்ந்து சுடும். நானும் தம்பியும் முறுக்கு தின்றுகொண்டே கை தட்டுவோம். எத்தனை பேர் செத்தார்கள் என்று ஒரு தடவைகூட எண்ணியதில்லை.

இனி இரண்டாவது படம். வேளச்சேரியில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு இலங்கைத் தமிழர் குடியிருக்கிறார். ‘ஆன்ட்டி’ என்று கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே ‘அன்ரி’ என்று திருத்துவார். 1990-இல் மன்னாரிலிருந்து படகில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்தவர். அவருடைய அக்கா வன்னியிலேயே இருந்துவிட்டார். 2009-க்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்ரி, “பிள்ளை, இந்தப் படத்தைப் போனில போட்டுத் தா” என்றார். அம்மாவும் கூட உட்கார்ந்தார். அது ‘நோ ஃபயர் ஸோன்’ என்ற ஆவணப்படம். கேலம் மெக்ரே என்பவர் 2013-இல் எடுத்தது. 2014-இல் நம் நாட்டில் தியேட்டரில் போட அனுமதி கிடைக்கவில்லை. 2009-இல் அரசாங்கம், இங்கே வந்தால் சுட மாட்டோம் என்று சொன்ன இடத்திலேயே குண்டு விழுந்ததைக் காட்டுகிறார்கள். ஆஸ்பத்திரியிலும் விழுகிறது. புலிகள் ஜனங்களை வெளியே போக விடாததையும் சொல்கிறார்கள். சில காட்சிகளில் அம்மா என் கண்ணைப் பொத்திவிட்டார். அந்தக் கடைசி மாதங்களில் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. குழு 2011-இல் அறிக்கை கொடுத்திருக்கிறது.

ஆனால் அன்ரி படம் பார்க்கவில்லை. திடீரென்று “நிப்பாட்டு பிள்ளை” என்பார். நிறுத்துவேன். கூட்டத்தில் ஓர் ஓரமாக யாராவது ஒரு பெண் நிற்பார். அன்ரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் பார்ப்பார். “இல்லை. போடு” என்பார். இப்படிப் பதினோரு தடவை. இந்தத் தடவை நான் எண்ணினேன்.

அறிவியல் படத்தில் எல்லாக் கெடுதலுக்கும் ஒரு சிவப்பு சிப் காரணம். அதை எடுத்துவிட்டால் சிட்டி நல்லதாகிவிடும். இந்தப் படத்தில் சிப் எதுவும் இல்லை. எல்லாரும் நம்மை மாதிரி மனுஷங்கதான். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

ஆவணப்படத்தின் மேலும் எனக்கு ஒரு குறை உண்டு. அது அன்ரி சொன்ன குறை. “இதில நாங்கள் அழுறது மட்டும்தான் இருக்கு. அக்கா பள்ளிக்கூடத்தில நல்லா நெட்போல் விளையாடினவ. அதை யார் காட்டுவினம்?” என்றார். நெட்போல் என்பது பாஸ்கெட்பால் மாதிரி ஒரு விளையாட்டு. அவருடைய அக்கா பந்தைக் கூடையில் போட்டால் தவறவே தவறாதாம். அதைச் சொல்லும்போது மட்டும் அன்ரி கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

போன வாரம் டிவியில் மறுபடியும் ‘எந்திரன்’ போட்டார்கள். இப்பவும் எனக்குச் சிட்டியைப் பிடிக்கும். ஆனால் கடைசிச் சண்டையில் தம்பி கை தட்டினான், எனக்குக் கை வரவில்லை. “ஏன்க்கா தட்டல?” என்று கேட்டான். ஓடுகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை.

தோழிகளே, நீங்களும் ஒரு தடவை அப்படிப் பாருங்கள்.



– 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி