பெட்டிக்கோட்டுக் குறிப்புகள்

28 மில்லிமீற்றர் பொம்மைச் சிப்பாய்க்கு ஸ்கொட்லாந்துக் கில்ட் ஒரு நெல்மணி நீளம்தான். அதற்குள் பிளக் வொச் படைப்பிரிவின் டார்ட்டன் பெட்டிக்கோட்டின் நீலம், பச்சை, கறுப்பு மூன்றும் வரவேண்டும். நூலுக்கு நூல் வரைய இடமில்லை. எதை விடுவது என்று தீர்மானிப்பதுதான் முதல் வேலை. நான் கறுப்பை விடுவேன். நீல அடி, அதன்மேல் பச்சைப் பட்டை, பட்டைகள் வெட்டும் இடத்தில் வெளிர்பச்சை. உண்மைத் துணியைவிட இரண்டு நிறத்தையும் ஒரு படி தூக்கி வைக்கவேண்டும். இல்லாவிட்டால் மேசையில் எல்லாம் கறுப்பாய்த்தான் தெரியும்.

*

இதற்கான பாடம் வீட்டுக் கொடியிலேயே காய்கிறது. பெட்டிக்கோட்டுச் சாரம் ஒன்றை வெயிலுக்குப் பிடித்துப் பாருங்கள். பாவும் ஊடையும் நீலமான சந்தியில் முழு நீலம். ஒன்று நீலம், மற்றது வெள்ளை என்றால் அரை நீலம். மிச்சம் வெள்ளை. நூல் இரண்டு நிறம், கண்ணுக்கு மூன்று. டார்ட்டனுக்கும் இதே கணக்குத்தான். கோட்டுக்குத் தண்ணீர் கூட்டி மெல்லிசாக இழுக்கவேண்டும். சந்தியில் மட்டும் தடித்த பெயின்ற் ஒரு பொட்டு. பொட்டில்லாத டார்ட்டன் துணியாகாது, வெறும் வலை.

*

கில்ட்டின் முன்பக்கம் தட்டை, பின்பக்கம் மடிப்பு. மடிப்பில் குறுக்குக்கோட்டை நேராக இழுத்தால் கெட்டது. பள்ளத்துக்குள் இறங்கி மேட்டில் ஏறவேண்டும்.

*

கச்சான் காற்று வீசும் மாதங்களில் புளியங்குளத்தில் அக்ரிலிக் பெயின்ற் பிறஷிலேயே காய்ந்துவிடும். சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஈரப் பஞ்சு, அதன்மேல் கேக் சுடும் தாள், அதில் பெயின்ற். மூடிவைத்தால் அடுத்த நாளும் நிற்கும். மயிரிழைப் பிறஷ் தேடி அலையவேண்டாம். வயிறு தடித்து நுனி கூரான பிறஷே நல்லது. ஒரு கோடு முடியுமட்டும் அதில் பெயின்ற் இருக்கும்.

*

பெரியப்பா எட்டிப் பார்த்தார். "தம்பி, பார்த்த சண்டை காணாதே? இனிப் பொம்மையளுக்கும் சட்டை தைக்கிறியோ?"

"சட்டை இல்லைப் பெரியப்பா, பாவாடை."

1997இல் புளியங்குளச் சந்தியில் நடந்த சண்டையைக் கண்டவர். கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. நான் 19ஆம் நூற்றாண்டைத் தாண்டி எந்தப் படைக்கும் பெயின்ற் அடிப்பதில்லை.

*

பொம்மைகள் வரும் பெட்டியின் மேல் இருக்கும் படத்தை நம்பக்கூடாது. 1803 செப்டெம்பரில் இந்தியாவின் அசாயேச் சண்டையில் 74ஆவது, 78ஆவது ஹைலண்டர்கள் இரண்டும் நின்றன. 74ஆவது இந்தியாவில் கில்ட்டைக் கழற்றி வைத்துவிட்டது. அவர்களுக்கு டார்ட்டன் தீட்டினால் வேலை அழகு, வரலாறு பிழை.

73ஆவது இன்னும் சுவாரசியம். ஸ்ரீரங்கப்பட்டணத்தை 1799இல் பிடித்த படைகளில் அதுவும் ஒன்று. 1809இல் ஆள் சேர்ப்பது கடினமாகிறது என்று சொல்லிச் சில படைப்பிரிவுகளின் ஹைலண்ட் உடையையே எடுத்துவிட்டார்கள். அதில் 73ஆவதும் போனது. இலங்கைக்கு அது வந்தது 1814இல். 1815இல் கண்டி, 1817-18இல் ஊவா, இரண்டிலும் காற்சட்டைதான். கண்டிச் சண்டை ஆடும் மேசையில் 73ஆவதைக் கில்ட்டோடு நிறுத்தினால் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்.

*

ஆங்கிலேயருக்கு எதிர்ப்பக்கம் யார்? இங்கிருந்து நெடுங்கேணிப் பக்கம் போய் ஒட்டுசுட்டானை எட்டினால் கச்சிலைமடு. வன்னித் தலைவன் பண்டாரவன்னியனை ஆங்கிலேயப் படையின் வொன் ட்றிபேர்க் அங்கே தோற்கடித்த நாள் 1803 ஒக்டோபர் 31 என்று கல் நாட்டினார்கள். வென்றவன் நாட்டிய கல்.

வென்ற படைகளுக்குப் பொத்தான் முதல் கழுத்துப்பட்டி வரை நிறப் பட்டியல் கடையில் கிடைக்கிறது. வன்னியனின் ஆட்களுக்கு நானே யோசிக்கவேண்டும். வெளுக்காத பருத்திக்குக் கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளை. சிவப்புக்குச் சாயவேர்: ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் வன்னியிலும் கிண்டி எடுத்த வேர். அது தோய்க்கத் தோய்க்கக் கூடும். ஆகவே ஒரே சிவப்பை இரண்டு பேருக்கு வைப்பதில்லை.

ஹைலண்டர் இருபது பேருக்கு ஒரே கோட்டைத் திருப்பித் திருப்பி இழுத்தால் சரி; அதற்குக் கை பழகினால் போதும். இவர்களுக்கு ஆளுக்கொரு துணி, ஆளுக்கொரு அழுக்கு. ஒவ்வொருவனுக்கும் முதலிலிருந்து யோசிக்கவேண்டியிருக்கிறது. டார்ட்டனைவிடக் கடினம் இதுதான்.