பழைய முகம்தான் கெத்து!

பாண்டி பீச் ரோட்டுல சாயங்காலம் ஆனா வண்டிகளுக்கு 'நோ என்ட்ரி'. ஸோ, நடராஜா சர்வீஸ்தான் மக்களே! வழியில கம்பீரமா நிக்குதே, அதுதான் மேரி கட்டடம். பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய டவுன் ஹால். 2014 நவம்பர் மழையில் இடிஞ்சு விழுந்தது. புது டிசைன்ல கட்டியிருக்கலாம். ஆனா, 2021-ல் அதே பழைய முகத்தோட எழுந்து வந்துச்சு!

போர்ஷே 911 ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்களுக்கு இந்தப் பழைய முகத்தோட அருமை லேட்டாத்தான் புரிஞ்சது. 1980-களில், 1974-க்கு முந்தைய காருக்கு அடுத்த மாடல் பம்பரையும் ஃபென்டரையும் மாட்டி 'யூத்' ஆக்கினாங்க. இப்போ ஒரிஜினல் முகத்துக்குத்தான் மவுசு. கழற்றிப் போட்ட பாகங்களைத் தேடி அலையறாங்க!

தாத்தாவோட பழைய வண்டிக்கு மேக்கப் போடப் போறீங்களா? ஆர்.டி.ஓ. ரூல்ஸைப் பார்த்துட்டு மாத்துங்க. ஆனா, கழற்றினதைக் காயலான் கடைக்கு மட்டும் அனுப்பிடாதீங்க. பரண்ல பத்திரமா இருக்கட்டும்!